உப்பு போதுமா

திருநெல்வேலிப் பக்கம் முப்பது வருஷம் சர்ச்சில் உபதேசியாராக இருந்து ஜெபம் நடத்திய ஞானசிகாமணி, ஓய்வு பெற்றதும் சீரியல் எழுதக் கற்றுக்கொள்ளச் சென்னைக்கு வந்தார். அவருக்கு வாய்த்த குரு கோமளா. வயது முப்பத்தாறு. எழுதியது இரண்டாயிரம் எபிசோடு. வாய் கொஞ்சம் நீளம்.

அவர் வந்ததற்கு ஒரே காரணம், சின்ன வயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு மாயக்கதைப் புத்தகம். மலைக்கு அப்பாலுள்ள தேசத்து ராஜா, தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஓடிய வேலைக்காரனைத் தேடி, உப்பு விற்கிறவராக வேஷம் போட்டு வீடு வீடாகப் போகிறார். ஒருநாள் அவனைக் கண்டுபிடிக்கிறார். அவனுக்குச் சோறு போட்டு, "உப்பு போதுமா?" என்று கேட்டுவிட்டு, யாரென்று சொல்லாமலே எழுந்து போகிறார். அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தை ஊர் உலகமெல்லாம் டி.வி.யில் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை.

"முதல் காட்சி தேறலைன்னா சேனல்ல இன்னொரு வாய்ப்பு கிடைக்காது, ஐயா," என்று கோமளா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

கோமளா எழுதிக்கொண்டிருந்த சீரியலிலேயே அவருக்கு அந்த முதல் காட்சி வந்தது. மாமியார் மேல் பொய் சாட்சி சொல்லிவிட்டு ஓடிப்போன மருமகள், திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள்.

ஞானசிகாமணி வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார். இடி இடித்தது. கூரை பிளந்தது. கிரீடம் தரித்த ராஜா இறங்கி வந்து, "ஸ்திரீயே, மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்," என்று ஒன்றரைப் பக்கம் பேசினார். பிறகு மருமகளுக்குச் சோறு போட்டு, உப்பு போதுமா என்று கேட்டார்.

கோமளா படித்தாள்.

"யாரு ஐயா இவரு? பொண்ணுக்குச் சித்தப்பாவா?"

"ராஜாம்மா."

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். இடி போனது. கூரை போனது. கிரீடம் போனது. ஸ்திரீயும் போனாள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வரி. அதையும் பிடுங்கி மாமியாருக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா, அவரையே எடுத்துட்டியளே!"

"செட்டுக்கு வாங்க, ஐயா."

மனசு ஒடிந்துபோய் அவர் ஒரு மூலையில் நின்றார்.

மருமகள் வாசலில் நின்றாள். நானூறு எபிசோடாகச் சீறிய மாமியார் அன்றைக்குச் சீறவில்லை. இலை போட்டாள். சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள்.

"உப்பு போதுமா?"

மருமகளாக நடித்த பெண் "போதும் அத்தை" என்று சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. அழுதுவிட்டாள். கிளிசரின் பாட்டிலோடு தயாராக நின்ற மேக்கப் அக்கா அதன் மூடியைத் திறக்கவே இல்லை. டைரக்டர் கட் சொல்ல மறந்துபோனார்.

காட்சி தேறிவிட்டது. சேனல்காரர்களே கையைக் குலுக்கினார்கள். ஞானசிகாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்தாலும் டீ குடிக்கும்போது கேட்டேவிட்டார்.

"எல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. ஆனா எங்க ராஜா எங்க போனாரு? பாக்குதவங்களுக்கு அவரு வந்ததே தெரியாதே."

கோமளா டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"உங்க புஸ்தகத்துல அந்த வேலைக்காரனுக்கு மட்டும் தெரிஞ்சுதா என்ன, ஐயா?"