அமைச்சர் ஏறிய தராசு

இது கட்டுக்கதை என்று எவனாவது சொல்லட்டும், என் மீசையை எடுத்துவிடுகிறேன்! கற்பூரம் அடித்துச் சொல்கிறேன், ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மருதங்கோட்டை அரசர் மகுடேசருக்கு ஏழடுக்கு மாளிகை கட்டும் ஆசை பிடித்தது. இடம் காட்டியவர் அமைச்சர் ஆபத்சகாயம். மேலே பச்சைப் புல்வெளி. அடியில் தூர்த்து மூடிய பழைய குளம். பக்கத்திலேயே பாறைமேடு இருந்தது. ஆனால் அதில்தானே அமைச்சருடைய மாந்தோப்பு!

சபையில் விகடம் பேசும் சோணாசலம் சும்மா இருப்பானா?

"அரசே, அந்த மண் தாங்காது. தோண்டிப் பார்த்துவிடலாம்."

"பூமிபூஜைக்கு முன்னால் கடப்பாரை படக்கூடாது, பிரபு" என்றார் அமைச்சர். "மண்ணா அது, கல்லு! இவனுக்குப் பொறாமை."

அரசருக்குக் கோபம் வந்தது. "சோணாசலம்! மாளிகை முடிந்ததும் உச்சி மாடியில் நீதான் குடியிருக்கணும். பெண்டாட்டியோடு!"

சோணாசலம் சிரித்தான்.

"உத்தரவு, அரசே. இடம் காட்டியவருக்குத் துலாபாரம் உண்டல்லவா? அதை அந்தப் புல்வெளியிலேயே நடத்துவோமே!"

அந்த நாட்டு வழக்கம் அது. நல்ல யோசனை சொன்னவரைத் தராசுத் தட்டில் உட்காரவைத்து, எடைக்கு எடை வெல்லம் தருவார்கள். அவர் தட்டு தரையை விட்டு எழும்பினால்தான் வெல்லம் சொந்தம். அமைச்சர் வீட்டிலோ மகள் கல்யாணம். அதிரசத்துக்கே மூட்டை மூட்டையாய் வேண்டும். ஓடிவந்து உட்கார்ந்தார்.

ஆள் நெற்குதிர் மாதிரி. எதிர்த்தட்டில் வெல்லம் ஏற ஏற, தராசின் கால்கள் புல்லுக்குள் இறங்கின.

"இன்னும் போடு!" என்றார் அமைச்சர். போட்டார்கள். கால்கள் இன்னும் இறங்கின. கடைசியில் இரண்டு தட்டுமே சேற்றில் உட்கார்ந்துகொண்டன. அமைச்சர் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.

"ஐயோ பாவம், மந்திரியார் எழும்பலையே! வெல்லத்தை வண்டியில் ஏத்துங்கப்பா" என்றான் சோணாசலம்.

"டேய், தொடாதே!" அமைச்சர் அலறினார். "பழைய குளத்து மண் எப்படியடா தாங்கும்? தராசை என் மாந்தோப்புக்குத் தூக்குங்கள்! அங்கே அடியெல்லாம் பாறை. எந்தப் பாரம் வைத்தாலும் அசையாது!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

சோணாசலம் கைகட்டிக் குனிந்தான். "கடப்பாரை படாமலே மண்ணைப் பார்த்தாச்சு, அரசே."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தராசு மட்டும் ஏன் போகணும்? மாளிகையும் அங்கேயே போகட்டும்! வெல்லம் சோணாசலம் வீட்டுக்கு!"

அமைச்சர் மகள் கல்யாணத்துக்குச் சோணாசலமே அதிரசம் சுட்டு அனுப்பினான். அதில் நாலு தின்றவன் நான். தோப்பு போன எரிச்சல் அமைச்சருக்கு இன்னும் ஆறவில்லை. அதனால், யார் சொன்னதென்று மட்டும் எவரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்!