சேற்றில் பதியாத குளம்பு

கிட்ட வந்து உட்காருங்கள். இந்தக் கதையில் வருகிற நண்டுக்குச் சின்னக் குரல், தூரத்தில் இருந்தால் காதில் விழாது.

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம். முந்தின வருஷம் அந்தக் குளத்தடியில் ஏதோ நோய் பரவி, குட்டிகள் நிறையச் செத்துப்போயின. அதிலிருந்து காட்டுக்குத் தலைவரான கடமான் ஒரு வழக்கம் கொண்டுவந்தது. அமாவாசைக்கு அமாவாசை காலையில் எல்லாரும் அதன் முன்னால் கரையில் நடந்து காட்ட வேண்டும். கண் தெளிவாக இருக்கணும், தோல் மினுங்கணும், தீனி எடுக்கணும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நோயாளிதான். தண்ணீர் இல்லாத பாறை மேட்டுக்குப் போய், தேறின பிறகுதான் திரும்பலாம்.

அன்றைக்குச் சாரைப்பாம்பின் முறை வந்தது. கண்ணில் பால் ஊற்றின மாதிரி வெள்ளை. தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. நாலு நாளாகத் தீனியும் இல்லை.

"மூணும் போச்சு," என்று காட்டுப்பன்றி சிரித்தது. "மேட்டுக்கு வழி தெரியுமா, இல்ல நான் உருட்டி விடட்டுமா?"

சாரை கெஞ்சியது. தனக்கு நோய் இல்லை, சட்டை உரிக்கிற நேரம் இது, தண்ணீரில் ஊறினால்தான் சட்டை கழலும், மேட்டில் கிடந்தால் தோல் காய்ந்து இறுகி உயிரே போய்விடும் என்றது. கடமான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எல்லா நோயாளியும் தனக்கு நோயில்லை என்றுதான் சொல்வான் என்றது.

அப்போது வளையிலிருந்து நண்டு வெளியே வந்தது. தானும் ஓடு கழற்றுகிறவள்தான், வளைக்குள் ஒளிந்து கழற்றுவதால் யாரும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, கடமானைக் கேட்டது:

"தலைவரே, சித்திரையில உங்க கொம்பு ரெண்டும் விழுந்து ரத்தம் கசிஞ்சுதே. அன்னைக்கு உங்களை மேட்டுக்கு அனுப்பினோமா?"

"அது எங்க உடம்பு வழக்கம்."

"இது சாரையக்கா உடம்பு வழக்கம்."

கடமான் நண்டின் பக்கம் குனிந்தது. "அப்போ எதைத்தான் நோய்னு சொல்றது? ஆளாளுக்கு வழக்கம்னு சொல்லிட்டா, மறுபடியும் குட்டிங்க சாகணுமா?"

நண்டுக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

"முழுசா எனக்கும் தெரியாது, தலைவரே. நான் சேத்துல கிடக்கிறவ. முகத்தை விடக் கால்தடம்தான் எனக்குப் பழக்கம். உங்க மூணு குளம்பு ஆழமாப் பதிஞ்சிருக்கு. நாலாவது பதியவே இல்லை. பத்து நாளா இப்படித்தான். எல்லாரையும் நடக்கச் சொல்லிட்டு நீங்க மட்டும் நிக்கிறீங்க. இதுவும் உங்க உடம்பு வழக்கமா?"

கடமானுக்குக் கண் தெளிவு, தோல் மினுமினுப்பு, தீனிக்கும் குறைவில்லை. ஆனாலும் தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

"முள்ளு," என்றது. "சொன்னா மேட்டுக்குப் போகணுமேன்னு சொல்லலை."

பன்றி சத்தமில்லாமல் வாயை மூடிக்கொண்டது. அதற்கு ஒரு மாதமாகப் பல்வலி.

நோயா சுகமா என்பதை மேலுக்குப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எது இயல்பு, எது வலி என்று அந்த உடம்பைச் சுமப்பவரைப் பயமுறுத்தாமல் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

நண்டு அதையெல்லாம் பேசிக்கொண்டு நிற்கவில்லை. ஒதுங்கிச் சாரைக்குத் தண்ணீருக்குப் போக வழி விட்டது. பிறகு கடமானைக் காலைத் தூக்கச் சொல்லி, கொடுக்கால் முள்ளைக் கவ்வி, ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டது.