களஞ்சியம் நெய்த பட்டு

முன்னொரு காலத்தில், எதைக் கண்டாலும் தனக்கும் அதுபோல் ஒன்று வேண்டுமென்று அடம்பிடிக்கும் அரசர் ஒருவர் இருந்தார். மலைவாசிகள் அவருக்குக் காட்டுப்பட்டுச் சால்வையும், கோழிமுட்டை அளவில் ஒரு பட்டுக்கூடும் கொண்டுவந்தார்கள். சபையே பார்த்திருக்க, கூட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு பூச்சி ஈரத்தோடு வெளியே வந்து மெல்ல இறகை விரித்தது. இரண்டு உள்ளங்கை அகலம்! ஒவ்வொரு இறகிலும் கண்ணாடிபோல் ஒரு வட்டம். அரசரைச் சிரிக்கவைக்கும் அரசவை விகடன் சாத்தையன் எழுந்து கிட்டே போய்க் குனிந்து பார்த்தான்.

"நம் அரண்மனைப் பூச்சிகள் ஏன் பட்டு தருவதில்லை?" என்றார் அரசர்.

களஞ்சிய அதிகாரி ஏகாம்பரருக்குச் சாத்தையனைக் கண்டாலே ஆகாது. "கேட்கத் தெரிந்தவன் கேட்டால் தரும், அரசே. அந்துப்பூச்சியிடம் ஒரு முழம் பட்டு வாங்கிவரச் சாத்தையனை அனுப்புங்கள்."

"நாளை உச்சிப்பொழுதுக்குள் வரவேண்டும். இல்லையேல் நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது" என்றார் அரசர்.

சாத்தையன் வீட்டுக்கு நடந்தான். வீட்டில் மனைவி பொன்னுத்தாய் முறத்தை அவன்முன் நீட்டினாள். அரண்மனையில் அவனுக்குச் சம்பளமாக அளந்த அரிசி. "இந்தக் கொடுமையப் பாருங்க. நூலு கட்டிக் கட்டிகட்டியா கெடக்கு. தெனம் தொறக்குற களஞ்சியத்துலயே இந்த லட்சணம்."

சாத்தையன் ஒரு கட்டியைப் பிரித்தான். நூல் வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் அவன் வெறுங்கையோடு வந்தான். "நெசவு முடிந்தது, அரசே. தறி இருக்கும் இடத்துக்கு எழுந்தருள வேண்டும்."

அவன் போய் நின்றது பஞ்சகாலத்துக்கென்று தனியே அரிசி சேர்த்துப் பூட்டிவைத்த களஞ்சியத்தின் வாசலில். அமாவாசைதோறும் ஏகாம்பரர் அதன் பேரில் ஒரு தாம்பாளம் புது அரிசியில் பூ வைத்துக் கொண்டுவருவார். அரசர் அதைத் தொட்டு ஆசீர்வதிப்பார். கதவின் முத்திரையை யாரும் உடைப்பதில்லை. மூன்று வருட வழக்கம் இது.

"கதவைத் திறந்தால் லட்சுமி போய்விடுவாள், அரசே" என்று ஏகாம்பரர் குறுக்கே வந்து நின்றார். அரசரோ முத்திரையை உடைத்தே விட்டார்.

உள்ளே ஆள் உயர அரிசிக் குவியல்மேல், சுவருக்குச் சுவர், வெள்ளை வெளேரென்று ஒரே துணி. சாத்தையன் ஓரத்தைப் பிடித்து உரித்தான். முழம் முழமாக வந்தது. பிழைத்தோம் என்கிற நினைப்பே அவனுக்கு மறந்துபோயிற்று. கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத பூச்சிகள், ஆயிரமாயிரம், புகைபோல் எழுந்தன. இத்தனை சிறியதா இத்தனையையும் நெய்தது என்று மலைத்து நின்றான்.

அரசர் குவியலுக்குள் கையை விட்டார். வெறும் தூள்தான் வந்தது.

"மலைப்பூச்சி இலையைத் தின்று நெய்தது, அரசே. நம்முடைய பூச்சி ஊரார் ஆறு மாதம் உண்ணும் சோற்றைத் தின்று நெய்திருக்கிறது" என்றான் சாத்தையன். "கதவைத் திறக்காமல் காத்துக் கொடுத்தவர் ஏகாம்பரர்."

அரசர் கையிலிருந்த தூளைப் பார்த்தார். தான் தொட்டுத் தொட்டு ஆசீர்வதித்ததை எண்ணியபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். காட்டுப்பட்டுச் சால்வையைச் சாத்தையனுக்குப் போர்த்தினார். களஞ்சியச் சாவி பொன்னுத்தாய்க்குப் போயிற்று. புழு நெளியும் அந்த வெள்ளைத் துணியை நான்காக மடித்து, சபையோர் எல்லாரும் பார்க்க, ஏகாம்பரருக்குப் பொன்னாடையாகப் போர்த்தி அனுப்பினார்.