தானா விழுந்த பள்ளம்

இந்த அநியாயத்தைக் கேளுங்கள். ஆறு வற்றிப்போன எங்கள் ஊரில், மணலைக் கையால் தோண்டி, ஊறுகிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டுதான் குடிக்க வேண்டும். அப்படி மொண்டுகொண்டிருந்த இருளாயி முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. தண்ணீரைக் காக்கும் அதிகாரி இறங்கினார். அவருக்குக் குடை பிடித்தபடி மணல் குத்தகைக்காரரும் இறங்கினார்.

“சட்டம் தெரியுமா உனக்கு? பர்மிஷன் இல்லாம ஆத்துல குழி தோண்டினா குற்றம். தோண்டினவங்களே மூடணும். ம், மூடு!” என்று அதட்டினார் அதிகாரி.

குடம் பாதிகூட நிறையவில்லை. இருளாயி மணலைத் தள்ளிக் குழியை மூடினாள். பிறகு பக்கத்தில், குத்தகைக்காரர் மணல் அள்ளிய பள்ளத்தைக் காட்டினாள். லாரியே இறங்கி நின்றாலும் வெளியே தெரியாத பள்ளம்.

“அய்யா, இதத் தோண்டினது யாருன்னு சொல்லுங்க. அவுக மூடட்டும், ஊரே ஒத்தாசைக்கு வாறோம்.”

குத்தகைக்காரர் குடையை அதிகாரி பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். மத்தியானம் அவர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருந்த அதிகாரி தொண்டையைச் செருமினார்.

“அது... யாரும் தோண்டலம்மா. தானா விழுந்த பள்ளம்.”

“அப்படிங்களா?” இருளாயி அதே இடத்தில் குந்தி, சிரட்டையை மணலுக்குள் இறக்கினாள். “நல்லாப் பாத்துக்கோங்கய்யா, இதுவும் தானாத்தான் விழுது.”