வாசல் இல்லாத கூடாரம்

மங்கோலியப் புல்வெளியில் தார்காய் என்றொரு படைத்தலைவன் இருந்தான். மீசை பெரிது, வயிறு அதைவிடப் பெரிது. பனிக்காலத்துக்கென்று எல்லாரும் சேர்த்து வைத்த ஆட்டுக்கறியை ஓநாய் தின்றுவிட்டதென்று சொல்லி, முகாமையே பட்டினி போட்டான்.

"ஒரு நாய்கூடக் குரைக்கலையே, ஓநாய் எப்படிங்க ஐயா வந்துச்சு?" என்று கேட்டாள் குதிரைப்பால் கறக்கும் ஓயூன்.

அவனுக்குச் சுருக்கென்றது. "வாய் நீளுதோ? காலையில எனக்குப் பால் கொண்டு வா. கூடாரத்துக்கு உள்ள நின்னும் தரக்கூடாது, வெளிய நின்னும் தரக்கூடாது. தவறினா தலை இருக்காது!"

உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே இருப்பது வாசற்படி. அதை மிதித்தாலும் அவர்கள் வழக்கப்படி மரண தண்டனைதான்.

"சரிங்க ஐயா" என்று போய்விட்டாள் ஓயூன்.

விடிந்ததும் பெண்களைக் கூட்டி வந்தாள். கூடாரம் போடுவதும் பிரிப்பதும் அங்கே பெண்கள் வேலை. கயிற்றை அவிழ்த்தார்கள், கூடாரத்தைப் போர்த்தியிருந்த கம்பளியை உருவினார்கள், வாசற்படியைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். தார்காய் கண் விழித்தபோது தலைக்கு மேலே வானம்தான் இருந்தது.

கட்டிலருகே போய்க் கிண்ணத்தை நீட்டினாள் ஓயூன். "இப்ப உள்ளயும் கிடையாது, வெளியவும் கிடையாது. குடிங்க ஐயா."

கிண்ணத்தை யார் பார்த்தார்கள்? முகாமே கட்டிலுக்குப் பின்னால் பார்த்தது. அங்கே ஆட்டுத்தொடைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

"ஓநாயைக் காடு மேடெல்லாம் தேடினோமே," என்றாள் ஓயூன். "கட்டில்மேலயில்ல உட்கார்ந்திருக்கு!"