அடுப்பு மூட்டாத கேக்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் எஜமானி இறந்துபோனாள். மறுநாளே அவள் மகள் தாரணிக்குப் பிறந்தநாள். வருஷா வருஷம் மணல் போட்ட சட்டியில் அம்மாவே கேக் சுட்டுத் தருவாள்.

"கேக் எங்கக்கா?" என்று சமையல்காரி மருதாயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதது குழந்தை.

அண்ணி கண்மூடியதுமே சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்ட அத்தை சௌந்தரம் அதட்டினாள். "சுடுகாட்டுல பால் தெளிக்கிற வரைக்கும் இங்க அடுப்பு மூட்டக் கூடாது. கடையிலயும் வாங்கக் கூடாது. அடுப்பில்லாம கேக் செய்யத் தெரிஞ்சா செஞ்சு குடு, போ."

"சரிங்க" என்றாள் மருதாயி.

ஒரு தர்பூசணியைத் தோல் சீவி, வட்டமாக நறுக்கி நிறுத்தினாள். கெட்டித் தயிரில் தேன் குழைத்து மேலே பூசி, மாதுளை முத்துகளைப் பதித்தாள். கூடத்துக்குக் கொண்டுவந்தபோது, துக்கத்துக்கு வந்தவர்கள் எதிரிலேயே சௌந்தரம் மறித்தாள்.

"அடுப்பு மூட்டினியா?"

"தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்குது. அடுப்புச் சாம்பல்தானுங்க சுடுது. விடியக்காலம் நீங்க காப்பி வெச்சதுங்க."

சௌந்தரம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

தாரணி கத்தியை வாங்கிக்கொண்டு, ஊதுவதற்கு மெழுகுவர்த்தியைத் தேடினாள். அங்கே எரிந்தது அம்மா படத்துக்கு முன்னால் இருந்த விளக்கு ஒன்றுதான். குவித்த உதட்டை மெல்ல மூடிக்கொண்டாள்.

"அது எரியட்டும்க்கா" என்றாள்.