வெட்டியெடுத்த பெயர்

"ரெண்டோட பேரையும் ஒட்டிப் பாத்தாச்சு டீச்சர். கிளியேணி, ஏணிக்கிளி. கேட்டவங்கள்லாம் சிரிக்கிறாங்க."

வைரவனுக்குத் தலை நரைத்துவிட்டது. பரிமளா டீச்சர் அவரைவிட எவ்வளவோ இளையவள். ஆனாலும் கணினிக்கு நிரல் எழுத அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

கிளி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் மென்பொருள். வைரவனின் சிநேகிதர் சூசை செய்தது. ஏணி, கணக்குச் சொல்லித்தருவது. வைரவன் செய்தது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம். இப்போது இரண்டையும் ஒன்றாக்கியாயிற்று. பெயர்தான் இல்லை.

"கிளின்னே வச்சிருங்களேன் அண்ணே."

"ஏணிக்கு வேலை செஞ்ச எங்க ஆளுங்க விடமாட்டாங்க. வேற பேருன்னா சூசை தம்பி ஆரோக்கியம் விடமாட்டான். இன்னைக்குள்ள முடிவாகலைன்னா கிளியைப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிருவேங்கிறான்."

"அவருக்கு என்ன அப்படி ஒரு முரண்டு?"

வைரவன் கணினியைத் தட்டினார்.

"வணக்கம். நான் கிளி."

சூசையின் குரல். சூசையைப் போன மழைக்காலத்திலேயே புதைத்தாயிற்று.

டீச்சர் இன்னொரு முறை தட்டிக் கேட்டாள்.

"அந்தப் பேரை மட்டும் வெட்டி எடுங்க."

"எடுத்துட்டு?"

"எடுங்க."

"செத்தவன் குரல்ல கத்தி வைக்கச் சொல்றீங்களே டீச்சர்..."

அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

வெட்டினார்.

உச்சிவெயிலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு ஓடிவந்தார்கள். முதலில் உட்கார்ந்தது மீனாள் என்கிற வாண்டு.

"வணக்கம். நான்..."

அவ்வளவுதான். அப்புறம் ஒரு மூச்சு. பெயரைச் சொல்லப்போகிறவன் உள்ளே இழுக்கிற மூச்சு. அதற்குமேல் ஒன்றுமில்லை.

பிள்ளை வாய்திறக்கும்வரை அது காத்துக்கொண்டிருக்கும். சூசை அப்படித்தான் எழுதியிருந்தார்.

"பாவம்டி, பேரு மறந்துபோச்சு போல," என்றது பின்னால் நின்ற ஒன்று, காதோடு காதாக.

மீனாள் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"நான் மீனாள்."

"வா, படிக்கலாம்," என்றது சூசையின் குரல்.



அந்நேரம் பார்த்து போன் அடித்தது. ஆரோக்கியம்.

"என்ன பேரு வச்சீரு? ஏணிதான? எனக்குத் தெரியும்யா. எங்கண்ணன் பேசினதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டீரு. சொல்லும்யா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

வைரவன் டீச்சரைப் பார்த்தார். அவள் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். மறுபடி முதலிலிருந்து தட்டினார்.

"வணக்கம். நான்..."

மூச்சு.

போனில் சத்தமில்லை. பிள்ளைகளும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். திரை காத்திருந்தது.

வெகுநேரம் கழித்து, போனுக்குள் அந்தப் பெரிய மனுசன் சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னான்.

"நான்... ஆரோக்கியம்ண்ணே."

"வா, படிக்கலாம்."